இருபத்தொரு புளியங்கொட்டை

நஃபீசாவுக்கு நாற்பது பிள்ளைகள் முன்னால் பேச வரும். நாலு பெரியவர்கள் முன்னால் பேச வராது.

பெரியபட்டினம் பள்ளிக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். வகுப்பில் குரல் கணீரென்று இருக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது பெரிய ஆள் வாசலில் எட்டிப் பார்த்தால் போதும், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவாள். எட்டிப் பார்த்தவர் போகும்வரை எழுதியதையே அழித்து அழித்து எழுதிக்கொண்டிருப்பாள்.

ஆனால் சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பத்து விரலை மடக்கியே சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒன்பது சங்கில் கனம் குறைந்த ஒன்றை இரண்டே நிறுவையில் கண்டுபிடி என்று சொன்னால், வகுத்தலைக் கண்டு ஓடுகிற பிள்ளைகூட மணி அடித்த பிறகும் எழுந்து போவதில்லை. இதையெல்லாம் சுற்றுப்பட்டு ஊர் வாத்தியார்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வாயால் சொல்ல முடியாததால் எழுதினாள்.

மாதம் ஒரு தாள். மேல்பாதியில் ஒரு புதிர். கீழ்ப்பாதியில், அதை வைத்து எந்தப் பாடத்தை எப்படி நடத்தலாம் என்ற யோசனை. நடுவில் கார்பன் வைத்து அழுத்தி எழுதினால் ஒரே தடவையில் நாலு பிரதி வரும். இரண்டு தடவை எழுதுவாள். எட்டுப் பள்ளிக்கூடம். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'உங்கள் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள்.' அதற்குக் கீழே 'ந.' என்று ஓர் எழுத்து. முழுப் பெயர் போட அவளுக்குக் கூச்சம்.

தாள்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பஸ் கண்டக்டர் பாக்கர். பெட்டிக்கடைகளிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் இறக்கிவிட்டுப் போவார். இறக்குவதற்கு முன்னால் வண்டியிலேயே ஒரு தடவை படித்துவிடுவார்.

"டீச்சரம்மா, போன தடவ ஒரு நண்டு விட்டீகளே, பதினோரு முழக் கம்பத்துல பகல்ல மூணு முழம் ஏறி, ராத்திரி ரெண்டு முழம் சறுக்குமே, அது எத்தனையாம் நாள் உச்சிக்குப் போகும்னு… வண்டியில ரெண்டு கட்சி ஆயிப்போச்சு. ஒம்பதுன்னு ஒரு கட்சி, பதினொண்ணுன்னு ஒரு கட்சி. பதினொண்ணுன்னு சொன்ன ஆளு ஊரு வந்தும் எறங்கமாட்டேன்னுட்டாரு."

"ஒன்பதுதான்," என்றாள் நஃபீசா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்பாடா. நான் ஒம்பது கட்சி."

அவளுடைய வகுப்பில் அதே நண்டுக்கு வேறு விதமான பதில் வந்தது. "கம்பத்துல ஏறுனா காக்கா விடுமா டீச்சர்? மொத நாளே தூக்கிட்டுப் போயிரும்," என்று மீன்காரர் மகள் ஒருத்தி சொன்னாள். அதையும் நஃபீசா அடுத்த தாளில் எழுதினாள். எட்டுப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் நண்டு கட்சி, காக்கா கட்சி என்று பிரிந்துவிட்டார்களாம். பதில்கள் துண்டுத் தாள்களில் கொத்துக் கொத்தாகத் திரும்பி வந்தன. பாக்கர் அவற்றை டிக்கெட் பைக்குள் வைத்து, அதில் இருக்கும் வெற்றிலை வாசத்தோடு கொண்டுவந்து கொடுப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், பதினாலாம் தாள் போனது. அது ஒரு விளையாட்டு. சோழியோ புளியங்கொட்டையோ, இருபத்தொன்று எடுத்துத் தரையில் போட வேண்டும். இரண்டு பேர் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்கலாம். கடைசிக் கொட்டையை யார் எடுக்கிறாரோ அவர் ஜெயித்தார். கீழ்ப்பாதியில் சூட்சுமத்தையும் எழுதியிருந்தாள்: 'தொடங்குகிறவர் தோற்கவே வேண்டியதில்லை. முதலில் ஒன்று எடுத்துவிடுங்கள். பிறகு எதிராளி எத்தனை எடுத்தாலும், அதோடு சேர்ந்து நாலு ஆகும்படி எடுத்துக்கொண்டே வாருங்கள். நாலாம் வாய்ப்பாடு நடத்த ஏற்றது.'

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. சிக்கல் என்கிற ஊருக்குப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் வாத்தியாராக இருக்கும் கூத்தையா எழுதியிருந்தார்.

'திரு. ந. ஐயா அவர்களுக்கு. தாங்கள் பதினாலாம் தாளில் எழுதியுள்ள விளையாட்டு முழுத் தவறு. தங்கள் வழியில் தொடங்கியவர் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. பலமுறை பார்த்துவிட்டேன். தவறான கணக்கைப் பள்ளிக்கூடங்களில் பரப்புவது சரியல்ல. கொட்டை வைத்து ஆடுவது சூது என்று ஊரிலும் பேச்சு. எனவே டிப்டி இன்ஸ்பெக்டர் அவர்களுக்கும் எழுதியுள்ளேன்.'

அதன் பின்னாலேயே இன்ஸ்பெக்டர் நாகநாதனிடமிருந்து கார்டு வந்தது. அடுத்த ஆசிரியர் கூட்டம் கூத்தையாவின் பள்ளிக்கூடத்தில் நடக்கும். தாள் எழுதுகிறவர் நேரில் வந்து விளையாட்டை நடத்திக் காட்ட வேண்டும். தவறென்று தெரிந்தால் தாள் அன்றோடு நிற்க வேண்டும்.

நஃபீசா கார்டை நாலு தடவை படித்தாள். அன்று சாயங்காலம் வீட்டில் சோழிப் பையை எடுத்து உட்கார்ந்தாள். உம்மா அரிசி அளப்பதைப் போலவே, "பரக்கத்து, ரெண்டு, மூணு…" என்று எண்ணி இருபத்தொன்று வைத்தாள். வலது கையும் இடது கையும் எதிராளிகள். வலது கை தொடங்கினால் வலது கை ஜெயித்தது. இடது கை தொடங்கினால் இடது கை ஜெயித்தது.

"யாருகூடடி வெளாடுறே?" என்றாள் உம்மா அடுப்படியிலிருந்து.

"என்கூடத்தான்மா."

"ஜெயிச்சது யாரு?"

"மொதல்ல எடுத்தவ."

தாளில் தவறு இல்லை. ஆனால் சிக்கல் பக்கத்தில் தொடங்கியவர் தோற்றுக்கொண்டே இருக்கிறார். அது எப்படி என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியை சண்முகவள்ளியிடம் போய், "தாளை நானே நிறுத்திடுறேன் டீச்சர்," என்றாள்.

சண்முகவள்ளி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "கணக்கு தப்பா?"

"இல்ல, டீச்சர்."

"ரெண்டும் ரெண்டும் நாலுங்கறது சிக்கல் பக்கம் போனா மாறிருமா?"

"மாறாது."

"அப்ப அங்கன போயிச் சொல்லிட்டு வா."

"நீங்க சொல்லிடுங்களேன். நான் எழுதித் தாரேன்."

"நான் பேசுனா அது சண்டையாத்தான் முடியும். உனக்கே தெரியும். துணைக்கு வாரேன். வாயைத் தொறக்கமாட்டேன்."

நஃபீசா தன் மேசைப் பக்கம் திரும்பினாள். அதில் அந்த மாதம் வந்த துண்டுத் தாள்கள் கிடந்தன. பெரிய எழுத்தும் கோணல் எழுத்துமாக அறுபதுக்கு மேல் இருக்கும். 'இருபத்தொண்ணுக்குப் பதிலா முப்பது வச்சு ஆடலாமா?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். பதினாலோடு நின்றால் இவளுக்கு யார் பதில் சொல்வது? நஃபீசா அந்தத் துண்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "எந்த பஸ்ஸுக்கு டீச்சர் போகணும்?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலையில் இருவரும் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்து போய்ச் சேர்ந்தார்கள். கருவேலங்காட்டுக்கு நடுவில் ஓட்டுக் கட்டடம். முப்பது வாத்தியார்கள் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் வழக்கம் எளிமையானது. ஒருவர் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். குறை சொல்வதில் யாரும் சோம்பல் பட்டதில்லை.

கூத்தையா வாத்தியார் வாசலைப் பார்த்தபடி நின்றார். நாற்பது வயது, நல்ல உயரம், சலவை வேட்டி. "ந. ஐயா இன்னும் வரல. பயந்துட்டாரு போல," என்றார்.

"ஐயா இல்ல, அம்மா," என்றாள் சண்முகவள்ளி. "இங்கன நிக்குது பாருங்க."

கூத்தையா பார்த்தார். முக்காட்டுக்குள் பாதி முகம்தான் தெரிந்தது. "இந்தப் பிள்ளையா?"

பெஞ்சுகளில் சிரிப்பு ஓடியது. வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருந்த சண்முகவள்ளி திறந்த வாயைக் கஷ்டப்பட்டு மூடிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் நாகநாதன் நாற்காலியில் இருந்தார். ஒல்லியான மனிதர். மடியில் ஒரு நோட்டு. "ஆரம்பிங்கம்மா. யாரோட ஆடுறீங்க?"

"முத்தழகோட ஆடட்டும்," என்றார் கூத்தையா உடனே. "நாலாம் வகுப்புத்தான். வகுப்புல நல்லா ஆடுற பிள்ள."

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தரையில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை. நஃபீசா எதிரே உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் அவளுடைய பெயர், ஊர், எங்கே டிரெயினிங் படித்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினார். பதில் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. அதற்குள் முத்தழகு கொட்டையை எண்ணிப் பரப்பிவிட்டாள்.

நஃபீசா ஒன்று எடுத்தாள். முத்தழகு யோசிக்காமல் மூன்று எடுத்தாள். மூன்றும் ஒன்றும் நாலு என்று நஃபீசா மறுபடி ஒன்று எடுத்தாள். முத்தழகு மறுபடி மூன்று. ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று. நஃபீசா ஐந்தாவது தடவை எடுத்துவிட்டுக் கீழே பார்த்தாள். மூன்று கொட்டை கிடந்தது. முத்தழகு மூன்றையும் வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஆங்!" என்றார் கூத்தையா. "நான் எழுதுனது சரியா, இல்லையா?"

இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். முத்தழகே எண்ணிப் பரப்பினாள். இந்தத் தடவை முக்காட்டுக்குள் நஃபீசாவின் காது சூடாகிவிட்டது. யார் முகத்தையும் பார்க்கவில்லை, எண்ணுவதையும் கவனிக்கவில்லை. அதே மாதிரிதான் முடிந்தது. பின்பெஞ்சில் ஒருவர், "கடல்ல போட்டு எண்ணுனா கணக்கு சரியா வருமோ என்னமோ," என்றார். பலர் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார். "அம்மா, நல்ல முயற்சிதான். ஆனா தப்பா இருக்கிறதை ஊர் ஊரா அனுப்ப முடியாது. நிறுத்திடுங்க."

நஃபீசாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் மனது வேறொரு இடத்தில் நின்றது. கடைசியில் நாலு மிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கிடந்தது. இரண்டு ஆட்டத்திலும் அப்படித்தான். ஒரு கொட்டை குறைகிறது. அப்படியானால் தொடக்கத்திலேயே குறைந்திருக்க வேண்டும்.

அதைச் சொன்னால் பிள்ளை ஏமாற்றினாள் என்று சொன்னதாகிவிடும். இத்தனை பேர் நடுவில், ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்து. சொல்லாவிட்டால் தாள் போய்விடும்.

"சார்," என்றாள். சத்தம் வரவில்லை. மறுபடி, "சார். இன்னும் ஒரு தடவை. இந்தப் பிள்ளையே எண்ணட்டும். எல்லாருக்கும் கேக்குற மாதிரி எண்ணட்டும்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தூக்கிய கையோடு நிறுத்தினார். "எண்ணும்மா."

முத்தழகுக்கு அது பெருமையாகிவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தாள். முதல் கொட்டையை எடுத்து, "லாபம்!" என்று கூவி, தன் முழங்காலுக்குப் பக்கத்தில் தனியாக வைத்தாள். இரண்டாவதைத் தரையின் நடுவில் வைத்தாள். "ரெண்டு! மூணு! நாலு!" குரல் ஓட்டில் பட்டுத் திரும்பியது. "இருவது! இருவத்தொண்ணு!"

நஃபீசா முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்த கொட்டையைக் காட்டினாள். "அது என்ன கண்ணு?"

"அது சாமிக்கு, டீச்சர்."

"எந்தச் சாமிக்கு?"

"உத்தரகோசமங்கை சாமிக்கு." இதுகூடத் தெரியாதா என்பது போல முத்தழகு பார்த்தாள். "நெல்லு அளக்கையில மொத மரக்கால் சாமிக்குத்தான. லாபம்னு சொல்லி ஒதுக்கி வச்சிட்டு, ரெண்டாம் மரக்கால்லேர்ந்து தான நம்ம குமி. எங்கய்யா அப்பிடித்தான் அளப்பாரு."

பின்பெஞ்சிலிருந்த கிழவாத்தியார் ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, எங்க பள்ளிக்கொடத்துலயும் அப்பிடித்தான்யா எண்ணுதுக! நான் கவனிக்கவே இல்ல!" நெல் விளைகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூத்தையா முழங்கால் பக்கம் கிடந்த கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்லயும் மொத படிக்கு ஒண்ணுன்னு சொல்லமாட்டோம்," என்றாள் நஃபீசா. "பரக்கத்துன்னு சொல்வோம். ஆனா அது தனியாப் போகாது. மத்ததோட சேந்து பானைக்குள்ளதான் போகும்." சொல்லி முடித்த பிறகுதான், முப்பது பேர் முன்னால் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அப்போ பிள்ளை தப்பா எண்ணிருச்சு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார். பிள்ளை சரியாத்தான் ஆடிருக்கு." நஃபீசா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். முக்காடு நழுவியதை அவள் கவனிக்கவில்லை. "தரையில இருந்தது இருபது. இருபதுக்கு ரெண்டாவதா ஆடுறவங்கதான் ஜெயிப்பாங்க. நான் இருபத்தொண்ணை மட்டும்தான் யோசிச்சேன். இருபதை யோசிக்கல. இந்தப் பிள்ளை யோசிச்சிருக்கு. முத்தழகு, எப்ப நீ ஜெயிச்சிட்டேன்னு உனக்குத் தெரியும்?"

"நாலு நாலா மிச்சம் வச்சா ஜெயிச்சுரலாம் டீச்சர். நாலு, எட்டு, பன்னெண்டு, பதினாறு. அதுல எதையாச்சும் வச்சுட்டு அவுக பக்கம் தள்ளிவிட்டா, அவுக என்ன எடுத்தாலும் நான் அடுத்த நாலுல கொண்டாந்து நிப்பாட்டிருவேன்." அவள் விரலால் வாத்தியாரைக் காட்டினாள். "வாத்தியார்கிட்ட அத்தன தடவ சொன்னேன். கேக்கல. பதினோரு ஆட்டம் தோத்தாரு."

கட்டடம் அதிர்ந்தது. கூத்தையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பத்து," என்றார். "பதினொண்ணு முடியல. மணி அடிச்சிருச்சு."

"சாமி பங்கையும் நடுவுல போட்டு, இருபத்தொண்ணு வச்சு ஆடுனா?" என்று நஃபீசா கேட்டாள். "அப்ப நீ ரெண்டாவது ஆடுவியா, மொதல்ல ஆடுவியா?"

முத்தழகு முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த கொட்டையை எடுத்து நடுவில் போட்டாள். பார்த்தாள். அதே கொட்டையை மறுபடி எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். கண் பெரிதாகியது.

"மொதல்ல ஆடுவேன் டீச்சர். ஒண்ணு எடுப்பேன். அது சாமிக்கு எடுத்து வச்ச மாதிரிதான. மிச்சம் இருவது அவுககிட்டப் போயிரும்." கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "அப்ப எங்க ஆட்டத்துல எப்பவும் சாமிதான் மொதல்ல ஆடியிருக்கு!"

நஃபீசா வாய்விட்டுச் சிரித்தாள். தாளில் பத்து வரியில் தான் எழுதியதை இந்தப் பிள்ளை ஒரே வரியில் சொல்லிவிட்டாள். இதை இப்படிச் சொல்லலாம் என்று தனக்குத் தோன்றவே இல்லையே என்று நினைத்தாள். அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். எல்லாரும் எழப்போனார்கள். அவர் கையமர்த்திவிட்டு, முத்தழகுக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தார். "இருபத்தொண்ணு வைம்மா. நான் ரெண்டாவது ஆடுறேன். டீச்சர் வழி ஒரு ஆட்டமாவது தோக்குதா பாப்போம்."

மூன்று ஆட்டம் ஆடினார். மூன்றிலும் அவர்தான் தோற்றார். நாலாவது ஆட்டத்துக்கு அவர் கொட்டையை வாரும்போது, சாப்பாடு ஆறுகிறது என்று யாரோ சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நோட்டை எடுத்தார். "தாள் நிக்க வேண்டாம். எட்டுப் பள்ளிக்கூடம் போதாது. எங்க ஆபீஸ் சைக்ளோஸ்டைல் மெஷின்ல பிரதி போட்டு எல்லா ஊருக்கும் அனுப்புறேன். ஆனா ஒண்ணு. எழுதி அனுப்பிட்டு வீட்ல இருக்கப்படாது. ஒவ்வொரு ஊர்லயும் பிள்ளைங்க எப்படி எண்ணுதுங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாசம் ஒரு கூட்டத்துக்கு நீங்களே வந்து நடத்திக் காட்டணும். என்ன சொல்றீங்க?"

முப்பது முகங்களும் அவளைப் பார்த்தன. சண்முகவள்ளி உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். நஃபீசா முக்காட்டைச் சரிசெய்தாள். தொண்டையையும் சரிசெய்தாள்.

"வாரேன், சார்."

சாப்பிடப் போகிற வழியில் ஏழெட்டுப் பேர் அவளை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். ஒருவர் முப்பது வைத்தால் என்ன ஆகும் என்றார். இன்னொருவர், தன் ஊரில் இரண்டாம் மரக்கால் ஊர்க் காவல்காரருக்கு, அதையும் ஒதுக்கினால் யார் ஜெயிப்பது என்றார். அவள் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னாள். ஒருவருக்கு மணலில் குச்சியால் போட்டும் காட்டினாள்.

கடைசியாகக் கூத்தையா வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், கடுதாசி எழுதுனதை மனசுல வச்சுக்கிறாதீக. வகுப்பு முன்னாடி ஒரு பொட்டப்பிள்ளகிட்ட அத்தன ஆட்டம் தோத்தா யாருக்கும் கோவம் வரும்ல."

"வரும், சார்."

"அவள ஒரே ஒரு தடவ ஜெயிச்சுட்டா எனக்குப் போதும். வழி சொல்லுங்க."

நஃபீசா யோசித்தாள். "இருபது வைங்க. அவளை மொதல்ல ஆடச் சொல்லுங்க."

கூத்தையா சாப்பாட்டையும் மறந்து வகுப்புக்குள் போனார். முத்தழகு இன்னும் தரையில்தான் இருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, தானே கவனமாக எண்ணி, ஒன்றையும் ஒதுக்காமல் இருபது கொட்டையைப் பரப்பினார்.

"ஏ முத்தழகு, இன்னைக்கு நீ மொதல்ல ஆடு."

முத்தழகு கொட்டையைக் கண்ணாலேயே ஒரு தடவை எண்ணினாள். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அதெப்பிடி வாத்தியாரே. பெரியவுக இருக்கையில நான் மொதல்ல எடுக்கலாமா? நீங்களே ஆடுங்க."